அப்பா பணம் தரமாட்டார், நான் படிக்கணும்: எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

வலங்கைமானில் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ஆரம்பிக்கிற கூட்டம் ஆகஸ்ட் வரை ஓயாது. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் போடுவது பிரச்சினை இல்லை. ‘வீட்டில் காசு தரமாட்டேங்கிறாங்க’ என்பதுதான் பிரச்சினை. ஒரே கேள்வியை ஒரு நாளைக்கு ஏழு பேர் கேட்கிறார்கள், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அக்கா, வீட்டில் ஒரு பைசா தரமாட்டேன்னுட்டாங்க. காலேஜே போக முடியாதா?

போகலாம். அரசு கலை அறிவியல் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. சேர்க்கைக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம் என்று மற்றவை எல்லாம் சேர்ந்து, பாடத்தைப் பொறுத்து, ஆண்டுக்குச் சில ஆயிரம் வரும். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக 50 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் அந்த 2 ரூபாய் மட்டும்தான்.

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பாஸ் உண்டு. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் எப்படியும் டிக்கெட் இல்லை. ஆகவே முதல் வருடத்துக்குக் கையில் நாலைந்தாயிரம் புரட்ட முடிந்தால் உள்ளே போய்விடலாம். அதற்குப் பிறகு வருகிற பணம் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அரசுக் கல்லூரின்னா கும்பகோணம், தஞ்சாவூருக்குத்தான் போகணுமா?

அந்தக் காலம் போய்விட்டது. கும்பகோணத்தில் காவிரிக்கரைக் கல்லூரியும் மகளிர் கல்லூரியும், தஞ்சையில் சரபோஜியும் குந்தவை நாச்சியாரும், திருவாரூரில் திரு.வி.க., மன்னார்குடியில் ராஜகோபாலசாமி, மயிலாடுதுறையில் ஞானாம்பிகை மகளிர் கல்லூரி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. இவை தவிர குடவாசல், நன்னிலம், ஒரத்தநாடு, பேராவூரணி, வேதாரண்யம் என்று சின்ன ஊர்களிலும் அரசுக் கல்லூரி வந்துவிட்டது. கும்பகோணத்தில் இடம் கிடைக்காத மதிப்பெண்ணுக்கு இங்கே கிடைக்கலாம். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

பூண்டி புஷ்பம், மன்னம்பந்தல் ஏ.வி.சி. மாதிரி அரசு உதவிபெறும் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே சேரும்போது ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘இந்தக் கோர்ஸ் எய்டடா, செல்ஃப் பைனான்ஸா?’ அதாவது அரசு உதவியில் நடப்பதா, மாணவர் கட்டும் பணத்திலேயே நடப்பதா என்று. ஒரே கட்டடத்தில், ஒரே பாடத்துக்கு இரண்டும் இருக்கும். கட்டணம் பல மடங்கு வித்தியாசப்படும்.

திருவாரூர் பக்கம் நீலக்குடியில் 2009-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகத்தை நம் பிள்ளைகள் பஸ்ஸில் கடந்துதான் போகிறார்கள், உள்ளே போவதில்லை. அதற்குக் கியூட் என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ப்ளஸ் டூ பரீட்சைக்கு முன்பே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும், ரிசல்ட் வந்த பிறகு கேட்டால் அந்த வருடத்துக்கு நேரம் கடந்திருக்கும்.

நெல்லு போட்ட காசு வருதே, எனக்கு மட்டும் ஏன் இல்லேங்கிறாங்க?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். உழவு, நாற்றங்கால், விதை, உரம், நடவுக் கூலி என்று வீட்டுப் பணம் முழுக்க வயலுக்குள் இறங்குகிற மாதம் அது. கல்லூரிக் கட்டணமும் அதே ஜூன், ஜூலையில்தான் வருகிறது. சம்பா அறுத்து, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறுவது பொங்கலுக்கு அப்புறம். ஜூனில் ‘இல்லை’ என்று சொல்கிற அப்பா பல வீடுகளில் பொய் சொல்வதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் அம்மாவின் தாலிச் செயின் ஏற்கனவே அடமானத்தில் இருக்கும்.

அதனால் முதலில் உங்கள் வீட்டு ‘இல்லை’ எந்த வகை என்று பாருங்கள். ஜூனில் மட்டும் இல்லையா? நீங்கள் கேட்கிற படிப்புக்கு இல்லையா? இல்லை, பொம்பளைப் பிள்ளைக்கு இல்லையா? முதல் வகை என்றால் அரசுக் கல்லூரிதான் மருந்து, அங்கே ஜூனில் கேட்கும் தொகை சிறியது. இரண்டாவது என்றால் பேசிப் பார்க்கலாம், ‘தமிழ் இலக்கியம் படிச்சு என்ன பண்ணுவே’ என்பதற்குப் பதில் தயாராக வைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். அங்கே பணத்தை நீங்களே கொண்டுவந்தாலும் ‘இல்லை’ போகாது.

எங்கள் அப்பா குத்தகை விவசாயி. ‘படிச்சது போதும்’ என்றார். பணம் இல்லாததால் சொன்னார் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு ஆட்டை விற்றுக் கட்டணத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகும் அவர் பத்து நாள் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு அது மூன்றாவது வகை என்று புரிந்தது.

மாசம் ஆயிரம் ரூபாய் நிஜமாவே வருதா?

வருகிறது. தமிழக அரசு தருகிற பணம் அது. பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருகிறார்கள். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போயிருந்தால் சிக்கல். பட்டப்படிப்பு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும்.

கல்லூரி மூலமாகத்தான் பதிய வேண்டும். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண், கல்லூரியில் கொடுக்கும் யூமிஸ் எண் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒரு பெண் வந்தாள், கூட்டாளிகளுக்கெல்லாம் வந்துவிட்டது, அவளுக்கு மட்டும் நாலு மாதமாக வரவில்லை. பார்த்தால் பணம் மாதா மாதம் போய்க்கொண்டேதான் இருந்தது. எட்டாம் வகுப்பில் பள்ளியில் ஆரம்பித்துக் கொடுத்த கணக்கு ஒன்று, அதில்தான் ஆதார் இணைந்திருந்தது. பாஸ்புக் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. அரசுப் பணம் நீங்கள் எழுதிக் கொடுக்கும் கணக்குக்குப் போவதில்லை, ஆதாரோடு கடைசியாக இணைந்த கணக்குக்குத்தான் போகும். இதை முதலில் வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்காலர்ஷிப்னா என்னென்ன இருக்கு? எங்க ஜாதிக்கு உண்டா?

பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான உதவித்தொகை, இருக்கிறது. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தனியார் கல்லூரியில் கலந்தாய்வு மூலம் சேர்ந்தாலும் நிர்ணயித்த கட்டணம் வரை கிடைக்கும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கும் தனித்தனி உதவித்தொகைகள் இருக்கின்றன. எல்லாமே கல்லூரி வழியாகத்தான் போகும். கல்லூரி அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் பிரிவைப் பார்க்கும் கிளார்க் யார் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். முதல்வரை விட அவர்தான் உங்களுக்கு முக்கியம்.

ஒரு தடவை வந்தால் எப்போதும் வரும் என்று இருந்துவிடாதீர்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கும்பகோணம் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கையே பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் கோட்டைவிட்டார். உதவித்தொகை போயிற்று, அந்தப் படிப்பும் நின்றுபோயிற்று. ராமானுஜனுக்கே அந்த கதி.

இன்ஜினியரிங்தான் வேணும். நாலு வருஷம் யார் கட்டுறது?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? அப்படியானால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விடவே விடாதீர்கள். மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. இதில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும். ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரி, நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம் என்று நம் பக்கத்திலேயே இருப்பவற்றையும் யோசித்துப் பாருங்கள். எல்லோருமே கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று நிற்கிறார்கள்.

இந்த ஒதுக்கீட்டில் வராதவர்களுக்கு முதல் பட்டதாரிச் சலுகை, வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பது. கலந்தாய்வில் சேரும் தனியார் பொறியியல் கல்லூரிக்கு 2017-இல் நிர்ணயித்த கட்டணம் 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. முதல் பட்டதாரிக்கு அதில் 25,000 கழியும். இதற்கு வருமான வரம்பு இல்லை, ஜாதியும் இல்லை. ஆனால் கலந்தாய்வு இடத்துக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு என்னிடம் வந்து ‘சலுகை போட்டுக் கொடுங்க’ என்றால் நான் என்ன செய்ய முடியும்?

எங்க அண்ணன் பி.காம் முடிச்சிட்டான். எனக்கு முதல் பட்டதாரி கிடைக்குமா?

கிடைக்காது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. அண்ணன் பாலிடெக்னிக் டிப்ளமோ என்றால் அது பட்டம் ஆகாது. சிலர் அண்ணனைக் குடும்ப அட்டையிலிருந்து எடுத்துவிட்டு வந்து கேட்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு ஊரில் யார் வீட்டில் யார் படித்திருக்கிறார்கள் என்று தெரியாதா? வேண்டாம்.

ஊருக்கே வந்து ஒருத்தர் ‘ஃபீஸே வேண்டாம், ஸ்காலர்ஷிப்பில் கழிச்சுக்குவோம்’னார். நல்லவராத்தான் தெரியறார்.

ஏஜெண்ட். ரிசல்ட்டுக்கு முன்பே பள்ளியிலிருந்து போன் நம்பர் அவர்கள் கைக்குப் போயிருக்கும். கோயம்புத்தூர் பக்கத்துக் கல்லூரி என்பார், கார் வைத்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார், மதியம் பிரியாணி வாங்கித் தருவார். திரும்பும்போது ஒரிஜினல் மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் அவர் பையில் இருக்கும். எங்கள் தெருவிலேயே ஒரு பையன் அப்படிச் சேர்ந்தான். இரண்டாம் வருடம் ‘உதவித்தொகை வரவில்லை, நீயே கட்டு’ என்றார்கள். கட்ட முடியாமல் வெளியே வந்தவனுக்குச் சான்றிதழை மீட்கவே ஒரு வருடம் ஆயிற்று.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். சேர்க்கை கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் சிறு பிடித்தம் போக முழுப் பணமும், கடைசி நாள் முடிந்து 30 நாள் வரை குறைந்துகொண்டே போகும் ஒரு பங்கும் திரும்ப வரும். விலகுவதைக் கடிதமாக எழுதிக் கொடுத்து, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

அப்பா நல்லா சம்பாதிக்கிறார், எனக்குத் தரலை. வருமானம் கம்மின்னு போட்டுக்கலாமா?

இதைத் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்பார்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம், ஆனால் விதி அப்படி இல்லை. பெற்றோர் உங்களுக்குக் கொடுக்கிறார்களா இல்லையா என்று எந்தத் திட்டமும் பார்ப்பதில்லை. பெற்றோரின் வருமானம் எவ்வளவு என்று மட்டும்தான் பார்க்கும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் அது கணக்கிலேயே வராது என்று நினைக்காதீர்கள், வருமானச் சான்றிதழில் அதுவும் சேரும். பொய்யாக வாங்கிய சான்று பிடிபட்டால் உதவித்தொகை போவதோடு நிற்காது.

வருமானம் பார்க்காத வழிகளைத் தேடுங்கள். ஆயிரம் ரூபாய்த் திட்டம், 7.5 சதவீதம், முதல் பட்டதாரி மூன்றுக்குமே வருமான வரம்பு இல்லை. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் இல்லை என்பதும் எல்லோருக்கும் பொது.

அப்பா எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடமாட்டேங்கிறார். என்ன செய்ய?

பணம் இல்லாமல் நுழைய வழி இருக்கிறது. கையெழுத்து, ஆதார், குடும்ப அட்டை இந்த மூன்றும் இல்லாமல்தான் திண்டாட்டம். இத்தனை வருடத்தில் இந்தக் கடையில் உட்கார்ந்து நான் பார்த்தது இதுதான். சண்டை போட்டுக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போன பிள்ளைகள் கட்டணத்தைப் புரட்டிவிடுகிறார்கள், ஆனால் சான்றிதழுக்கு அப்பாவின் ஆதார் நகல் கேட்டு மறுபடி இங்கேதான் வந்து நிற்கிறார்கள். சண்டை போடுவதாக இருந்தால் சான்றிதழ் வேலை முடிந்த பிறகு போடுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அப்பா மறுத்தால் அம்மா. பெரும்பாலான படிவங்களில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்றுதான் இருக்கும். வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் அம்மா வந்து விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் தாமதமாகும். ஏப்ரலிலேயே, வீட்டில் இன்னும் பேச்சு வார்த்தை இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேங்க் லோன் வாங்கிக்கலாமே? நிலம் அடமானம் வைக்கணுமா?

4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், உங்கள் பங்குத் தொகையும் வேண்டாம். 7.5 லட்சம் வரைக்கும்கூட அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் அடமானம் இல்லாமல் தரலாம். அதற்கு மேல் போனால்தான் சொத்து கேட்பார்கள். கல்விக் கடனுக்கென்றே இருக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். கிளையில் வாய்மொழியாக ‘இல்லைம்மா’ என்று சொல்லி அனுப்புவதை விட, ஆன்லைனில் போட்டால் மறுப்பதற்கும் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வருடம் ஒரு லட்சமாக நாலு வருடம் 4 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை ஆரம்பிக்கும்போது தனி வட்டியிலேயே 1.4 லட்சம் ஏறியிருக்கும். மொத்தம் 5.4 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 7,100-க்கு மேல். நீங்கள் சேரப்போகிற கல்லூரியில் படித்த சீனியர்களுக்கு முதல் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள். 15,000 சம்பளத்தில் சென்னையில் அறை வாடகை கொடுத்துவிட்டு 7,100 கட்ட முடியுமா?

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு என்றால், தவணை ஆரம்பிக்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. இதற்கும் வருமானச் சான்று வேண்டும்.

லோனுக்கும் அப்பா கையெழுத்து கேட்கிறாங்களே?

கேட்பார்கள். உங்களுக்கு 18 ஆகியிருந்தாலும் பெற்றோர் ஒருவரைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்ப்பதுதான் வங்கிகளின் வழக்கம். இங்கேயும் அம்மா போதும். சொல்லப்போனால் நம் ஊரில் அம்மாவே சில சமயம் நல்லது, அப்பா பெயரில் பயிர்க்கடன் பாக்கியும் டிராக்டர் கடன் பாக்கியும் இருந்தால் வங்கி அதைக் காட்டி இழுத்தடிக்கும். அம்மாவுக்கும் மகளிர் குழுக் கடன் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணமான பெண் என்றால் கணவரோ மாமனார் மாமியாரோ சேரலாம்.

திருச்சி என்.ஐ.டி. மாதிரி தரவரிசையில் முன்னால் இருக்கும் நிறுவனத்தில் இடம் கிடைத்தால் நிலைமையே வேறு. 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்கு வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு.

மாமா கட்டுறேன்கிறார். ஆனா அவர் பையனுக்கு என்னைக் கேட்கிறாங்க...

இப்படிப் பாதியில்தான் நிறுத்துவார்கள். தாய்மாமன் கட்டுவது நம் பக்கம் புதிதில்லை, நிபந்தனை இல்லாமல் மூன்று வருடமும் கட்டிய மாமாக்களையும் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் ‘அதான் மாமா பார்த்துக்கிறாரே’ என்று பேச்சு ஆரம்பித்துவிட்டால், அந்தப் பணத்துக்கு விலை வைத்தாகிவிட்டது என்று பொருள். உங்களுக்கும் விருப்பம் என்றால் சரி, அது உங்கள் பாடு. விருப்பம் இல்லையென்றால் வாங்காதீர்கள். அரசுக் கல்லூரியில் மூன்று வருடத்துக்கு ஆகிற மொத்தச் செலவுக்கும் உங்களையே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

கைமாற்றாக வாங்கத்தான் வேண்டும் என்றால், தொகையையும் திருப்பித் தரும் காலத்தையும் அம்மா முன்னால் பேசி ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாமா கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

வேலை பார்த்துக்கிட்டே படிக்க முடியுமா?

முடியும், 75 சதவீத வருகைப்பதிவை மனதில் வைத்துக்கொண்டால். பல அரசுக் கல்லூரிகளில் காலை, மாலை என்று இரண்டு ஷிப்ட். காலை ஷிப்ட் மதியத்தோடு முடியும், அப்புறம் கும்பகோணத்தில் ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை என்று எதிலாவது அரை நாள் வேலை கிடைக்கும். நான் மதியத்துக்கு மேல் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்திருந்தேன். சம்பளத்தை விட, அங்கே கற்றுக்கொண்ட டைப்பிங்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது. முகூர்த்த நாள் கேட்டரிங் வேலைக்குப் பையன்கள் போகிறார்கள், கையில் காசு உடனே வரும். ஆனால் ஆவணியிலும் தை மாதத்திலும் வருகைப்பதிவு காலி.

முழு நேர வேலை என்றால் தொலைநிலைக் கல்விதான். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டும் நம்பகமானவை. வேறு எதில் சேர்வதானாலும் அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்கு மானியக் குழுவின் தொலைநிலை அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பாலிடெக்னிக் போனா அப்புறம் டிகிரி வாங்க முடியாதுன்னு சொல்றாங்க?

தப்பு. மூன்று வருட டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். நடுவில் இரண்டு வருடம் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துவிட்டு வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் பணம் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் எனக்கு இது இன்ஜினியரிங்குக்கு நேராகக் கடன் வாங்குவதைவிடப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

விடுதி இலவசமா கிடைக்குமா?

ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி இரண்டிலும் தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்குப் பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தூர விதி கிடையாது. குளியலறை எப்படி, தண்ணீர் வருகிறதா என்று அங்கே இருக்கும் சீனியரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

படிக்க வைக்கச் சொல்லி அப்பா மேல கேஸ் போட முடியுமா அக்கா?

பையன்களுக்கு 18 வயது முடிந்தால் பெரும்பாலும் வழியில்லை. இந்துக் குடும்பத்தில் கல்யாணமாகாத பெண், தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால், 1956-ஆம் வருட ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் அப்பாவிடமும் அம்மாவிடமும் கேட்கலாம். அந்தச் சட்டம் ஜீவனாம்சம் என்று சொல்வதில் சாப்பாடு, துணி, இருப்பிடத்தோடு படிப்புச் செலவும் சேர்த்தி. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

ஆனால் ஜூலையில் கட்ட வேண்டிய பணத்துக்கு இந்த வழி உதவாது. அப்பா வேறு குடும்பம் வைத்துக்கொண்டு அம்மாவையும் உங்களையும் விட்டுவிட்டார் என்கிற மாதிரி நிலைமையில் யோசிக்கலாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கேஸ் போட்டால் மேலே சொன்ன கையெழுத்துச் சிக்கல் பத்து மடங்காகும். படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று நெருக்கினால், உங்களுக்கு 18 ஆகவில்லை என்றால் 1098, ஆகியிருந்தால் 181. இரண்டும் இலவச எண்கள், நேரம் பார்க்காமல் கூப்பிடலாம்.

இப்பவே ஆகஸ்ட் ஆயிடுச்சு. இந்த வருஷம் அவ்வளவுதானா?

அரசுக் கல்லூரிகளில் நிரம்பாத இடம் இருந்துகொண்டுதான் இருக்கும். நேரில் போய்க் கேளுங்கள், குறிப்பாகக் குடவாசல், நன்னிலம் போன்ற சின்ன ஊர்களில். ப்ளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைக் கூப்பிட்டு மாவட்ட நிர்வாகம் ‘உயர்வுக்குப் படி’ முகாம் நடத்துகிறது. கல்லூரிக்காரர்கள், வங்கிக்காரர்கள், சான்றிதழ் கொடுப்பவர்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். மூன்று வாரம் அலைகிற வேலை அங்கே ஒரு நாளில் முடிந்து பார்த்திருக்கிறேன்.

உங்க கடைக்கு வரும்போது என்னென்ன எடுத்துட்டு வரணும்?

பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், உங்கள் ஆதார், அப்பா அம்மா ஆதார், குடும்ப அட்டை, ஆதார் இணைந்த பாஸ்புக், நாலு போட்டோ. மதிப்பெண் பட்டியலை லேமினேட் செய்துவிடாதீர்கள்.

முக்கியமாக ஓ.டி.பி. வருகிற போன். அது அப்பாவின் சட்டைப்பையில், அவர் வயலில் இருந்தால் ஒன்றும் நடக்காது. விண்ணப்பத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, இந்தக் கடை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நிறைய. அவரையே கூட்டிக்கொண்டு வாருங்கள், மதியம் ரெண்டு மணிக்கு மேல் என்றால் கூட்டம் இருக்காது. டீ நான் சொல்கிறேன்.